பிரிந்து செல்லும் உரிமையும் சேரியின் ஒப்புதலும்

ஒரு நாட்டின் உறுப்பாக உள்ள மாநிலம் அந்நாட்டை விட்டுப் பிரிந்து செல்ல அனுமதிக்கப்பட வேண்டுமா? கல்லூரி மாணவர்களுக்கு நாம் நடத்தும் சட்ட வகுப்புகளில் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எழுந்துகொண்டே இருக்கிறது. மாநில உரிமை, கச்சத்தீவு, ஈழம், காஷ்மீர் என எதைத் தொட்டாலும் பேச்சு இங்கே வந்து நிற்கிறது. விடை கூறுவோர் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிகின்றனர். நாட்டின் ஒருமைப்பாடு கேள்விக்கு அப்பாற்பட்டது என்கிறது ஓர் அணி. தேசிய இனத்தின் சுயநிர்ணய உரிமை மறுக்க முடியாதது என்கிறது மற்றோர் அணி. இரு அணியினரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. பிரியப்போகும் நிலப்பரப்புக்குள் வாழும் ஒடுக்கப்பட்ட மக்களிடம் ஒப்புதல் கேட்டது யார்? இக்கேள்வியை மையமாகக் கொண்டு, சட்டத்தையும் வரலாற்றையும் நமது நிலைப்பாட்டையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தனி அரசாக இருந்த மண்

நாம் வாழும் புதுக்கோட்டை ஒரு காலத்தில் தனி அரசு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட இச்சமஸ்தானத்துக்கு எனத் தனி நிர்வாகமும், ‘அம்மன் காசு’ என்னும் தனி நாணயமும் இருந்தன. ஆங்கிலேயரின் மேலாதிக்கத்துக்கு உட்பட்டிருந்தாலும் சென்னை மாகாணத்தின் பகுதியாக அது இருந்ததில்லை. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று.

தனி அரசு என்பதன் நடைமுறைப் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எம்.சி. ராஜாவின் முன்முயற்சியால் சென்னைச் சட்டமன்றம் 1938ஆம் ஆண்டு குடிமைத் தடைகள் நீக்கச் சட்டத்தை இயற்றியது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோருக்கு மறுப்பதற்கு எதிரான சட்டம் அது. ஆனால், சென்னையின் சட்டம் சமஸ்தான எல்லைக்குள் தானாகச் செல்லாது. எல்லைக் கோட்டின் ஒருபுறம் வாழ்ந்த தாழ்த்தப்பட்டவருக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு இருந்தது. மறுபுறம் வாழ்ந்தவர் அரண்மனையின் முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது இரு புறத்துக்கும் ஒரே அரசமைப்பு உரிமை கிட்டியது.

அதிகார மாற்றத்தின்போது சமஸ்தானங்கள் தனி நாடாகலாம் என்ற வாதம் வலுவாக எழுந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானம் சுதந்திர நாடாகும் என 1947 ஜூனில் அதன் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். ஐதராபாத் நிஜாமும் அவ்வழியே சென்றார். அதே மாதத்தில் அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கை, சமஸ்தானங்களுக்கு அத்தகைய தனி இறையாண்மை கிடையாது எனச் சட்ட வாதங்களுடன் மறுத்தது. மன்னர்களின் சுதந்திரம் குடிமக்களின் சுதந்திரம் ஆகிவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தியச் சட்டத்தின் நிலை

அரசமைப்பின் முதல் பிரிவு இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்கிறது. இச்சொல் தேர்வுக்கான காரணத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். இக்கூட்டாட்சி மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவானதன்று. ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து செல்லும் உரிமை இல்லை என்பதே அவ்விளக்கத்தின் சாரம். அமெரிக்கா உள்நாட்டுப் போர் நடத்தி முடிவு செய்த ஒன்றை, தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துவது நல்லது என வரைவுக் குழு கருதியது.

மூன்றாம் பிரிவு மாநிலங்களை உருவாக்கவும் எல்லைகளை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தொடர்புடைய சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆந்திரச் சட்டமன்றம் மறுத்த பின்னரும் 2014இல் தெலங்கானா உருவானது இவ்வாறே. நாட்டுக்குள் தனி மாநிலம் கோருவது வேறு, நாட்டை விட்டுப் பிரிவது வேறு என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்திய நிலப்பரப்பை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க மூன்றாம் பிரிவு போதாது, அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என 1960ஆம் ஆண்டு பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை நமது மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் நன்கு உணர்வர். 1974இல் கச்சத்தீவு இலங்கைக்குச் சென்றபோது அரசமைப்புத் திருத்தம் செய்யப்படவில்லை. அது நிலம் விட்டுக்கொடுத்தல் அன்று, சர்ச்சைக்குரிய எல்லையை வரையறுத்தலே என்பது ஒன்றிய அரசின் வாதம். மாநிலம் விலகிச் செல்ல முடியாது. ஆனால், மாநில மக்களின் வாழ்வாதாரத்தைத் தொடும் எல்லை முடிவை அவர்களைக் கேளாமலே ஒன்றியம் எடுக்க முடிகிறது. இந்தச் சமமின்மை உண்மையானது. அதன்மீது எழும் சினமும் நியாயமானது.

பேச்சின் மீது விழுந்த பூட்டு

1940 ஆகஸ்டில் திருவாரூரில் கூடிய நீதிக்கட்சி மாநாடு திராவிட நாடு கோரிக்கையை ஏற்றது. 1944இல் சேலத்தில் அக்கட்சி திராவிடர் கழகமானது. 1949இல் பிரிந்து உருவான திராவிட முன்னேற்றக் கழகமும் கோரிக்கையை முன்னெடுத்தது. 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் அண்ணா தமது முதல் உரையிலேயே திராவிடர்களுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார்.

அதே ஆண்டில் தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த குழு, பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க அரசமைப்பைத் திருத்தப் பரிந்துரைத்தது. குழுவின் தலைவர், 15 ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவித்த அதே சர் சி.பி. அவர்களே. 1963 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்த 16ஆம் திருத்தம், இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றின் பெயரால் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க வழிவகுத்தது. தேர்தலில் நிற்போர் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாண்டின் இறுதியில் தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பது அண்ணாவின் விளக்கம். பெரியார் தமது இறுதிக் காலம் வரை சுதந்திரத் தமிழ்நாட்டைக் கோரினார்.

1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது ஊபா, பூட்டை மேலும் இறுக்கியது. பிரிவினைக்கு ஆதரவான செயல் மட்டுமன்றி, சொல்லும் எழுத்தும் அதன் வரையறைக்குள் வரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பிரிவினையைத் தூண்டுவதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது.

எனினும் நீதிமன்றம் ஒரு கோட்டை வரைந்துள்ளது. 1984 அக்டோபர் 31 அன்று காலிஸ்தான் ஆதரவு முழக்கம் எழுப்பிய அரசு ஊழியர்களை 1995இல் பல்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வன்முறையோ அதற்கான தூண்டலோ இல்லாத சில முழக்கங்கள் மட்டும் குற்றமாகா என்பது அத்தீர்ப்பு. வழக்கை எதிர்கொள்ளும் செயற்பாட்டாளர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. பீமா கோரேகான் வழக்கில் ஆனந்த் டெல்டும்டே 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளிலேயே, ஊபாவின்கீழ்ச் சிறை புகுந்தார். பிரிவினைவாதிக்காகச் செய்யப்பட்ட விலங்கு தலித் அறிஞரின் கைக்கும் பொருந்துகிறது.

பிரிவினையில் யாரிடம் கேட்க வேண்டும்?

அம்பேத்கரைப் பிரிவினைக்கு எதிரானவர் என்று மட்டும் சொல்லி முடிப்பது பிழை. பாகிஸ்தான் கோரிக்கை குறித்து 1940இல் அவர் எழுதி, 1945இல் விரிவாக்கிய நூலில், பிரிய விரும்பும் மக்களைப் பலவந்தமாகப் பிடித்து வைப்பதன் கேடுகளை ஆராய்ந்தார். அத்தோடு நில்லாமல் முடிவெடுக்கும் முறையையும் வரைந்தார். முஸ்லிம்களிடம் பிரிவு குறித்து வாக்கெடுப்பு. அப்பகுதிகளின் முஸ்லிம் அல்லாதோரிடம் தனியே வாக்கெடுப்பு. பெரும்பான்மையின் விருப்பம் சிறுபான்மையின் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்பதே இம்முறையின் உயிர்.

1947இல் அவ்வாறு நடக்கவில்லை. வங்கத்தின் தலித் தலைவர் ஜோகேந்திர நாத் மண்டல் புதிய நாட்டை நம்பி, பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். கிழக்கு வங்கத்தில் தம் மக்கள் அடைந்த துன்பங்களை அடுக்கி எழுதிவிட்டு, 1950 அக்டோபரில் பதவி விலகி இந்தியா வந்தார்.

இன்னொரு நிகழ்வு மேலும் கூர்மையானது. பாகிஸ்தானில் சிக்கிய தாழ்த்தப்பட்டோரை அரசு வெளியேற விடாமல் தடுப்பதாக 1947 டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். தூய்மைப் பணி இன்றியமையாப் பணி என அறிவிக்கப்பட்டதே அதற்குக் கருவி. பிறருக்கு எல்லை திறந்திருந்தது. மலம் அள்ளியவருக்கு மூடப்பட்டது. புதிய தேசத்துக்கு அவருடைய ஒப்புதல் தேவைப்படவில்லை. உழைப்பு மட்டும் தேவைப்பட்டது. எந்தப் பிரிவினையையும் மதிப்பிடும்போது இந்நிகழ்வை ஓர் உரைகல்லாகக் கொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

ஈழத்தின் பாடம்

இலங்கைத் தமிழர்மீது சிங்களப் பேரினவாதம் இழைத்த கொடுமை வரலாற்று உண்மை. அதனோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னோர் உண்மையும் உண்டு. தமிழருக்குத் தனி நாடு எனத் தொடக்கத்திலேயே குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட தமிழர்கள் நுழைய முயன்றபோது, அவர்களைத் தடுத்து நின்றவரும் அவரே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கொழும்பு இயற்றிய சட்டமே தமிழர் கோயிலின் வாயிலில் தமிழருக்குத் துணை நின்றது என்பது கசப்பான முரண்.

1976 மே 14 அன்று நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை தண்டிக்கப்படும் என எழுத்தில் உறுதியளித்தது. மாவிட்டபுரம் போன்ற போராட்டங்கள் எழுப்பிய கேள்வியைத் தேசிய இயக்கம் புறக்கணிக்க முடியவில்லை என்பதற்கு இது சான்று. ஒடுக்கப்பட்டோர் தேசியத்துக்கு வெளியே நின்று காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளிருந்தே நிபந்தனை விதிக்கலாம் என்பதை நாம் இதிலிருந்து கற்கிறோம்.

உலக அனுபவம்

1860–61இல் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பிரிந்தபோது மாநில உரிமை என்பதே முழக்கம். தென் கரோலினா, மிசிசிப்பி ஆகிய இரு மாநிலங்களின் மக்களுள் அன்று பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். பெரும்பான்மையினரைக் கேளாமலே அவர்களுடைய மாநிலம் பிரிந்தது. அவர்களைத் தொடர்ந்து அடிமைகளாக வைத்திருக்கவே பிரிந்தது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1995 அக்டோபர் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிவினை ஒரு விழுக்காட்டுக்கும் சற்றே கூடுதலான வேறுபாட்டில் தோற்றது. அதற்கு ஆறு நாட்கள் முன்னர், அம்மாநிலத்தின் வட பகுதியில் வாழும் கிரீ பழங்குடியினர் தாமே ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். தங்கள் ஒப்புதலின்றிக் கியூபெக்குடன் செல்ல முடியாது என 96 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் வழங்கிய கருத்துரை இத்துறையில் முதன்மையான ஆவணம். தன்னிச்சையாகப் பிரியும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. ஆனால், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் பிற தரப்பினர் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர்கள். அப்பேச்சில் சிறுபான்மையோர் பாதுகாப்பும் இடம்பெற வேண்டும். தடையும் இல்லை, தன்னிச்சையும் இல்லை என்னும் இவ்வழி நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

நமது நிலைப்பாடு

முதலாவதாக, மாநில அரசு தன் விருப்பப்படி பிரிந்து செல்லும் உரிமையை நாம் ஆதரிக்கவில்லை. நிலப்பரப்பு புனிதமானது என்பதால் அன்று. 17ஆம் பிரிவு, சட்டமன்ற இட ஒதுக்கீடு, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகியவை உள்ளூர் ஆதிக்கச் சாதிகளின் பிடிக்கு மேலே அமைந்தவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். எஞ்சிய நால்வரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இப்பாதுகாப்பைக் கைவிட முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதனை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு மாநில அரசியல் வென்றெடுத்தது. கயர்லாஞ்சியிலும் ஹாத்ரஸிலும் ஒன்றியம் எவரையும் காக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஜம்மு காஷ்மீருக்கு 2019 அக்டோபர் இறுதி வரை பொருந்தவில்லை என்பது உண்மை. அக்குறையைச் சுட்டிக்காட்டியே அம்மக்களின் ஒப்புதலின்றி அவர்களின் மாநிலத் தகுதி பறிக்கப்பட்டதை நியாயப்படுத்துகின்றனர் என்பதும் உண்மை. தலித் உரிமையைக் கேடயமாக்கிப் பிறர் உரிமையைப் பறிக்க நாம் உடன்பட முடியாது. ஒன்றியம் அரசமைப்பைக் காக்கும் வரைதான் ஒன்றியத்துக்கு ஆதரவான நமது வாதம் நிற்கும்.

இரண்டாவதாக, வன்முறையைத் தூண்டாத வரை பிரிவினை குறித்துப் பேசுவதும் எழுதுவதும் குற்றமாகக் கூடாது. அம்பேத்கரின் பாகிஸ்தான் நூலை இன்று ஒருவர் எழுதினால் அவர்மீது ஊபா பாயலாம் என்றால், கோளாறு நூலில் இல்லை.

மூன்றாவதாக, எங்கேனும் பேச்சுவார்த்தை மூலம் பிரிவு என்ற நிலை வந்தால் மூன்று நிபந்தனைகள் முன்வர வேண்டும்: ஒடுக்கப்பட்ட மக்களிடம் தனியே ஒப்புதல் பெறுதல், பிரிவுக்கு முன்னரே மாற்ற முடியாத உரிமைப் பட்டயம் எழுதப்படுதல், எந்தத் தொழில் செய்பவரும் எந்த நாட்டின் குடிமகனாவது என்பதைத் தாமே தேர்ந்து எல்லை கடக்கும் உரிமை.

அதே அளவுகோல், இன்றைய கேள்விக்கும்

பிரிவினை இன்று தமிழ்நாட்டின் நடைமுறை அரசியலில் இல்லை. மாநிலத் தன்னாட்சி இருக்கிறது. 1971இல் ராஜமன்னார் குழு அறிக்கை அளித்தது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. வரி, கல்வி, ஆளுநர் ஆகியவை குறித்த மாநிலத்தின் கோரிக்கைகளை நாம் ஆதரிக்கிறோம். ஆனால், மேலே சொன்ன கேள்வியை இங்கும் கேட்கிறோம்.

காவல்துறையும் நிலமும் ஏற்கெனவே மாநிலப் பட்டியலில் உள்ளவை. அவ்வதிகாரம் இருந்தபோதே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவ்வதிகாரம் இருக்கும்போதே 2022 டிசம்பர் இறுதியில் நமது மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் குடியிருப்புக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட நிர்வாகம், அருகிலுள்ள இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறையையும் ஐயனார் கோயிலில் நுழைவு மறுப்பையும் நேரில் கண்டது. வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அத்தண்ணீரைக் குடித்த சமூகத்தைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகள் என்றது. வேங்கைவயல் மக்களும் பல கட்சிகளும் அமைப்புகளும் அதனை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கோரினர்.

கோரிக்கையின் திசையைக் கவனியுங்கள். மாநிலக் காவல்துறைமீது நம்பிக்கை இழந்த மக்கள் ஒன்றியத்தின் அமைப்பை நாடுகின்றனர். டெல்லிமீது கொண்ட பற்றால் அன்று. முறையிட இன்னொரு கதவு வேண்டும் என்பதால். ஒடுக்கப்பட்டோருக்கு இறையாண்மைக் கேள்வி என்பது அடிப்படையில் இதுவே: ஊர் கைவிட்டால் வட்டாட்சியர், மாவட்டம் கைவிட்டால் சென்னை, சென்னை கைவிட்டால் டெல்லி என்னும் முறையீட்டு வரிசையில் எந்தக் கதவு மூடப்படுகிறது, அதற்கு ஈடாக எது திறக்கப்படுகிறது?

எனவே தன்னாட்சிக் கருத்தரங்குகளுக்குச் செல்லும் மாணவர்களும் தோழர்களும் ஒரு திட்டவட்டமான கோரிக்கையோடு செல்ல வேண்டும். மாநிலத்துக்கு மாற்றப்படும் ஒவ்வோர் அதிகாரத்தோடும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான சட்டப் பாதுகாப்பும், மாநில அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத தன்னுரிமை பெற்ற விசாரணை அமைப்பும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். அதிகாரம் டெல்லியிலிருந்து சென்னைக்கு வருவது நல்லது. அது இறையூரின் தேநீர்க் கடையைத் தாண்டி வேங்கைவயலின் தண்ணீர்த் தொட்டி வரை வந்து சேர்கிறதா என்பதைக் கொண்டே நாம் அதனை மதிப்பிடுவோம்.